பெயர் சொல்லப்படாத பாட்டு: புனைகதைக்குள் நிஜப் பெயர்களின் அரசியல்

தெற்கத்தி இளம் நண்பர் ஒருவரின் சிறுகதை ஒரு பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. கதை திரும்பி வருவது ஒன்றும் புதுசில்லை. நாம் எல்லோருமே திரும்பி வந்த கதைகளைப் பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்கள்தான். ஆனால் இது ஒரு நிபந்தனையோடு வந்திருந்தது. கதையில் ஓரிடத்தில் ஒரு சினிமாப் பாட்டின் பெயர் வருகிறது. படத்தின் பெயரும் வருகிறது. இரண்டையும் எடுத்துவிட்டு ‘சாதிப் பெருமை பேசும் ஒரு பாட்டு’ என்று மாற்றிக் கொடுத்தால் அடுத்த இதழிலேயே போடலாம் என்று எழுதியிருந்தார்கள். காரணமும் சொல்லியிருந்தார்கள். நிஜப் பாட்டு, நிஜப் படம், நிஜ ஆட்கள் எல்லாம் கதையை அதன் காலத்தோடு கட்டிப்போட்டுவிடுமாம். இருபது வருஷம் கழித்து வாசிக்கிறவனுக்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்குமாம். இலக்கியம் பொதுமையை நோக்கிப் போக வேண்டுமாம்.

கதை இதுதான். மேலத்தெருவில் அம்மன் கோயில் கொடை. மூன்று நாள் ரேடியோ செட்டு. கட்டியிருக்கிற நாலு குழாயில் இரண்டைக் கீழத்தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். ‘தேவர் மகன்’ (1992) படத்தின் அந்தப் பாட்டு ராத்திரி பகலாக ஓடுகிறது. எந்தப் பாட்டு என்று நான் இங்கே சொல்லவில்லை. ஆனாலும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது பாருங்கள், அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். மூன்றாம் நாள் காலையில் கீழத்தெரு வீட்டில் ஒரு பத்து வயசுப் பையன் பல் விளக்கிக்கொண்டே அந்த மெட்டை முணுமுணுக்கிறான். அண்ணன்காரன் எழுந்து வந்து ஓங்கி ஒரு அறை விடுகிறான். அடி ஏன் விழுந்தது என்று பையனுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிகிறது, ஆனால் அவள் ஒன்றும் பேசாமல் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள். மூன்றரைப் பக்கம். அவ்வளவுதான் கதை.

பாட்டின் பெயரை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் என்ன மிஞ்சும்? இந்தக் கேள்வியை ஆசிரியர் குழு கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்களைத் தனியாகக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்கள் சொன்னது நம்முடைய சிறுபத்திரிகை அழகியல் ரொம்ப காலமாகச் சொல்லிவருகிற ஒன்றுதான். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் ‘காலாவதி’ என்கிற வாதம். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) எப்படித் தொடங்குகிறது என்று நமக்குத் தெரியும். ஜே.ஜே. செத்துப்போன நாள், ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள். காம்யு இறந்தது 1960 ஜனவரி 4. ஒரு கற்பனை எழுத்தாளனின் சாவு நிஜ எழுத்தாளனின் சாவுக்குப் பக்கத்தில், ஒரே நாள் இடைவெளியில் வைக்கப்படுகிறது. அந்த ஒரு வாக்கியத்திலேயே இல்லாத ஒரு ஆள் இருக்கிற ஆளாகிவிடுகிறான். பிரமாதமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் நான் கேட்பது வேறு. காம்யு யார் என்பதற்கு அடிக்குறிப்பு வேண்டும் என்று இந்த நாற்பத்துச் சொச்ச வருஷத்தில் தமிழில் எந்த ஆசிரியராவது கேட்டதுண்டா? நாகர்கோவிலில் பீடி சுற்றுகிற ஒருத்தனுக்குக் காம்யு தெரியாது, ‘நாடோடி மன்னன்’ (1958) தெரியும். அப்படியானால் எந்தப் பெயருக்கு அடிக்குறிப்பு வேண்டும், எந்தப் பெயருக்கு வேண்டாம் என்பதைக் காலமா தீர்மானிக்கிறது? வாசகன் என்று யாரை மனசில் நிறுத்திக்கொண்டு எழுதுகிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

அதே நாவலில் இன்னொரு நிஜப் பெயரும் வருகிறது. தமிழ் எழுத்தாளன் என்று அறிமுகப்படுத்தப்படும் பாலுவிடம் ஜே.ஜே. கேட்கிற கேள்வி: சிவகாமி தன் சபதத்தை முடித்துவிட்டாளா? கல்கியின் தொடர்கதையை வைத்து அடித்த அடி. தமிழ்ச் சிறுபத்திரிகை உலகம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறது, நானும் எம்.ஏ. படிக்கும்போது சிரித்தேன். இப்போது யோசித்தால் விதி ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஐரோப்பியப் பெயர் பிரதிக்குள் வந்தால் அது வெளிச்சம். வெகுசனப் பெயர் வருவதானால் கேலிப்பொருளாக மட்டும் வரலாம். ஆசையாக, அழுகையாக, நினைவாக வரக்கூடாது.

சங்கீதத்துக்கும் இதே கதைதான். தி. ஜானகிராமனின் ‘செய்தி’ என்கிற சிறுகதையில் மேற்கத்திய இசைக்காரர் ஒருவர் நாதஸ்வரத்தில் ஒரு குறிப்பிட்ட கீர்த்தனையைக் கேட்டு, அதையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார். தியாகராஜரின் சாமா ராகக் கீர்த்தனை அது. தெலுங்கு தெரியாமலே அதற்குள் இருக்கிற சாந்தி என்கிற செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கதையே அந்தக் கீர்த்தனையின் பொருளில்தான் நிற்கிறது. பெயரை எடுத்துவிட்டு ‘ஒரு பக்திப் பாட்டு’ என்று போட்டுப் பாருங்கள், கதை விழுந்துவிடும். ஆனால் ஜானகிராமனிடம் அந்தப் பெயரை எடுக்கச் சொல்லத் தோன்றுமா? தோன்றாது. சாமா ராகம் ‘என்றுமுள்ளது’. கோயில் கொடையில் ஓடுகிற பாட்டு ‘அந்தந்தக் காலத்துச் சரக்கு’. ஒன்றுக்குப் பொதுமை பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது. இன்னொன்று எத்தனை வருஷம் எத்தனை லட்சம் பேர் வாயில் புரண்டாலும் வட்டாரத்திலேயே நிற்கிறது. பிறப்பிலேயே கிடைப்பது என்றால் இந்த நாட்டில் அதற்கு வேறு ஒரு பெயர் இருக்கிறது.

இங்கே ஒரு பழைய சமாசாரத்தையும் நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஏறக்குறைய வெளியேற்றினார். சாஸ்திரிய சங்கீதம் மக்கள் காதில் விழவேண்டும் என்பது அவர் கொள்கை. ஜனங்கள் என்ன செய்தார்கள்? பேசாமல் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அரசாங்கம் இறங்கிவந்து 1957இல் விவித் பாரதியைத் தொடங்கியது. இரண்டு வருஷம் கழித்து, 1959இல், சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ வந்தது. அரசாங்கம் கைவிட்ட கேஸ்கரின் வேலையை நம் இலக்கிய இதழ்கள் எடுத்துக்கொண்டன என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நல்ல கவிதைக்கும் நல்ல கதைக்கும் அந்த இதழ்கள் பட்ட பாட்டை மறுக்கவில்லை. அந்தப் பாட்டோடு சேர்ந்து என்னென்ன ஓசைகள் பக்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கோட்பாடு படித்த நண்பர்கள் இந்த இடத்தில் ரோலான் பார்த்தைக் கொண்டுவருவார்கள். 1968இல் அவர் எழுதிய கட்டுரையில் ஃப்ளோபேரின் கதை ஒன்றில் வருகிற பாரமானி பற்றிப் பேசுகிறார். பியானோவுக்கு மேலே சுவரில் அது மாட்டியிருக்கிறது. கதைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு பிரயோசனமும் இல்லாததாலேயே ‘நான்தான் நிஜம்’ என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. எதார்த்தம் என்பது எதார்த்த விளைவுதான் என்பது பார்த்தின் முடிவு. இதை வைத்துக்கொண்டு, கதையில் வரும் பாட்டுப் பெயர், படப் பெயர், தலைவர் பெயர் எல்லாம் சுவரில் மாட்டிய பாரமானிதானே, எடுத்தால் என்ன, இருந்தால் என்ன என்று வாதாடலாம்.

வாதாட முடியாது என்று நினைக்கிறேன். பாரமானி பேசாது. அதன்மேல் யாருக்கும் கோபமோ ஆசையோ கிடையாது. ‘தேவர் மகன்’ பாட்டு அப்படியா? வாலி எழுதி இளையராஜா இசையமைத்த பாட்டு அது. படம் கடைசியில் வன்முறை வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றுதான் முடிகிறது. பாட்டு அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. படத்தைவிட்டு வெளியே வந்து ஒரு சாதியின் கொடிப் பாட்டாக மாறி, தென்மாவட்டங்களில் குழாய் வழியாக அடுத்த தெருவுக்கு அனுப்பப்படுகிற சவாலாகிப் போனது. தொண்ணூறுகளில் அந்த மாவட்டங்கள் எப்படி இருந்தன என்பது தெரிந்ததுதான். 1995இல் கொடியன்குளம், 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் போன பதினேழு உயிர். அந்தச் சூழலுக்குள்தான் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. 2023இல் ‘மாமன்னன்’ பட விழாவில் மாரி செல்வராஜ், ‘தேவர் மகன்’ தனக்குள் உண்டாக்கிய வலியிலிருந்துதான் அந்தப் படம் வந்தது என்று மேடையிலேயே சொன்னார். அவர் சிறுகதைக்காரராகத் தொடங்கியவர் என்பதையும், அவர் தொகுப்பின் தலைப்பு ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆற்றின் பெயரை எடுத்துவிட்டு ‘நதியில் கொல்லப்படாதவர்கள்’ என்று வைத்தால் பொதுமை வந்துவிடும்தான். கொல்லப்பட்டவர்கள் போய்விடுவார்கள்.

ஆக, நிஜப் பெயர் கதைக்குள் வரும்போது அது அலங்காரமாக வருவதில்லை, சாட்சியாக வருகிறது. சாட்சி என்றால் எழுத்தாளன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாது, குறுக்கே பேசும். என் நண்பரின் கதையில் பையன் முணுமுணுக்கிறான் அல்லவா? அந்த மெட்டு வாயில் ஒட்டிக்கொள்கிற மெட்டு. கேட்ட எல்லோருக்கும் அது தெரியும். யாரை அவமானப்படுத்தக் குழாய் திருப்பிக் கட்டப்பட்டதோ அவன் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். பண்பாட்டு மேலாதிக்கம் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவது இந்தப் பல் விளக்குகிற பையனிடம் இருக்கிறது. ‘சாதிப் பெருமை பேசும் ஒரு பாட்டு’ என்று எழுதினால் ஒட்டிக்கொள்ளுமா? வாசகன் காதில் எந்த மெட்டும் கேட்காது. கேட்காத மெட்டை முணுமுணுத்ததற்கு ஒரு பையன் அடி வாங்குவான்.

வெகுசன உலகத்தின் நிஜ மனிதரைக் கதைக்குள் இழுத்துவந்த துணிச்சல் தமிழில் இல்லாமல் இல்லை. ஜெயகாந்தனின் ‘சினிமாவுக்குப் போன சித்தாளு’ (1972) ஞாபகம் வரும். ‘வாத்தியார்’ என்றால் யார் என்று 1972இல் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதே வருஷம்தான் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அண்ணா தி.மு.க.வைத் தொடங்கினார். அந்த நேரத்தில் அப்படி ஒரு கதை எழுதத் தைரியம் வேண்டும். ஜெயகாந்தனுக்கு அது இருந்தது. சென்னைச் சேரிப் பேச்சை அச்சில் அவர் அளவுக்குக் காதால் கேட்டு எழுதியவர்களும் குறைவு. ஆனால் என் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. பேச்சைக் கேட்டவர் பாட்டைக் கேட்கவில்லை. சித்தாள் வேலை பார்க்கிற ஒரு பெண், நாளெல்லாம் கல்லும் மண்ணும் சுமந்துவிட்டு வந்து, திரையில் ஒரு முகத்தைப் பார்த்தால் அவளுக்குள் என்ன நடக்கிறது? கதையின் பதில்: மயக்கம், பைத்தியம், சீரழிவு. போதை வஸ்துவைப் பற்றி எழுதுகிறமாதிரி சினிமாவைப் பற்றி எழுதியிருக்கிறார். இருபது வருஷம் கழித்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பம் பற்றி எழுதிய புத்தகத்தில் (1992) கேள்வியை வேறு இடத்தில் வைத்தார். மதுரை வீரன், காத்தவராயன் என்று கீழ்த்தட்டு மக்கள் தங்கள் கதைப்பாடல் நாயகர்களைப் பாடிக்கொண்டிருந்த அதே வாய்க்காலில்தான் இந்த பிம்பமும் ஓடியது என்று காட்டினார். பாண்டியனும் எம்.ஜி.ஆர். ஆட்சி பற்றிக் கறாராகத்தான் பேசுகிறார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தப் பெண்ணின் ஆசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசுகிறார். ஜெயகாந்தனின் கதையில் ஆசைக்கு வரலாறு இல்லை, விளைவு மட்டும்தான் இருக்கிறது. நடிகர் உள்ளே வந்தார். ரசிகை வெளியே நிறுத்தப்பட்டாள்.

பிரபலமானவர்களை நேராகப் பெயர் சொல்லி உள்ளே கொண்டுவந்து, அவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொண்டவர் என்று எனக்குத் தோன்றுவது அசோகமித்திரன். ‘18வது அட்சக்கோடு’ (1977) நாவலில் ஐதராபாத் சமஸ்தானத்தின் கடைசி நாட்கள். நிஜாம், காசிம் ரஜ்வி, ரஜாக்கர்கள், காந்தி கொலை, 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைவது, எல்லாம் நிஜப் பெயரோடுதான் இருக்கின்றன. ஆனால் நாம் போவது சந்திரசேகரன் என்கிற சிகந்திராபாத் பையனோடு; அவனுக்குக் கிரிக்கெட் முக்கியம், காலேஜ் முக்கியம். வரலாற்று நாவலில் பெரிய ஆட்கள் ஓரத்தில்தான் நிற்க வேண்டும், நடுவில் நடுத்தரமான ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று வால்டர் ஸ்காட்டை வைத்து லூகாச் சொன்னார். அசோகமித்திரன் லூகாச்சைப் படித்துவிட்டு அப்படிச் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அவருடைய சுபாவமே அதுதான். கடைசியில் வரலாறு சந்திரசேகரனை எங்கே பிடிக்கிறது? நிஜாம் மாளிகையில் இல்லை. சுவர் ஏறிக் குதித்து ஒரு முஸ்லிம் குடும்பத்தின் முன்னால் போய் நிற்கும்போது, குடும்பத்தைக் காப்பாற்றத் தன் உடம்பையே கொடுக்க முன்வருகிற ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் பிடிக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வரலாற்றில் பெயர் கிடையாது. நிஜாமும் ரஜ்வியும் நிஜப் பெயரோடு இருப்பதால்தான் இந்தப் பெயரில்லாத பெண்ணின் பாரம் நம்மேல் விழுகிறது. ‘ஒரு சமஸ்தானம்’, ‘ஒரு மன்னர்’ என்று எழுதியிருந்தால் அவளும் ஏதோ ஒரு பெண்ணாகப் போயிருப்பாள்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975). இதைப் பற்றி இடதுசாரிகள் நிறையப் பேசியாயிற்று. நான் பெயர் என்கிற ஒரு விஷயத்தை மட்டும் பார்க்கிறேன். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடி ஏற்றியதும்தான் குற்றம். வழக்கில் முதல் எதிரி நெல் உற்பத்தியாளர் சங்கத்தின் கோபாலகிருஷ்ண நாயுடு. கீழ்க்கோர்ட்டு தண்டித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. பெரிய நிலச்சொந்தக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை என்கிற ரீதியில் தீர்ப்பு போனது. கவனியுங்கள், நீதிமன்றம் செய்தது ஒருவகை இலக்கிய விமர்சனம்! இந்தப் பாத்திரம் இப்படிச் செய்வது நம்பும்படியாக இல்லை என்று சொல்லிக் கதையையே நிராகரித்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து நாவல் வருகிறது. அதில் கோபாலகிருஷ்ண நாயுடு கண்ணையா நாயுடு ஆகிறார். பெயர் மாறியது, சாதிப் பின்னொட்டு மாறவில்லை. சரி, வழக்கு பற்றிய பயம், புனைவுச் சுதந்திரம், எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் அந்தப் பெயர் மாற்றம் திறந்துவிட்ட இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது? கண்ணையா நாயுடுவின் ஆண்மையின்மை. கொடூரத்துக்கு உளவியல் காரணம். நிஜப் பெயரோடு இதை எழுதியிருக்க முடியாது, எழுதினால் அவதூறு. கற்பனைப் பெயர் என்பதால் எழுத முடிந்தது. எழுத முடிந்ததால் அரைப்படி நெல்லும் சாதியும் பின்னால் தள்ளப்பட்டு, ஒரு மனிதனின் அந்தரங்கக் குறை முன்னால் வந்து நின்றது. பெயரை மாற்றிய இடத்தில் காரணமும் மாறிப்போனது. 44 பேர் செத்தது ஒருத்தனின் உடம்புக் கோளாறால் என்று ஆகிவிட்டால் சங்கம் எதற்கு, போராட்டம் எதற்கு? வைத்தியர் போதுமே. நாவலின் மற்ற பலங்கள், டெல்லியிலிருந்து வந்த படித்தவர்களின் குற்றவுணர்ச்சி பற்றிய பகுதிகள் எல்லாம் எனக்குப் பிடித்தவைதான். அதனால்தான் இந்தக் கசப்பு. 2014இல் மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் இதே கீழ்வெண்மணியை எழுதியபோது நிஜப் பெயரை ஒளிக்காமல் எழுதினார். நாற்பத்தாறு வருஷ இடைவெளி கொடுத்த பாதுகாப்பு என்றும் சொல்லலாம், ஒரு தலைமுறை மாறியது என்றும் சொல்லலாம்.

பயம் என்றேன். பயம் பொய்யில்லை. வசந்த் தத்தாத்ரேய குர்ஜர் எழுதிய ‘காந்தி மலா பேட்டலா’ என்கிற மராத்திக் கவிதை 1994இல் ஒரு வங்கி ஊழியர் சங்க இதழில் வெளியானது. அதற்காகப் போடப்பட்ட ஆபாச வழக்கு இருபது வருஷத்துக்கு மேல் இழுத்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: கவிஞனுக்குச் சுதந்திரம் உண்டு, ஆனால் காந்தி மாதிரி வரலாற்றில் மதிக்கப்படுகிறவர்களின் பெயரை வைத்து எழுதும்போது ஆபாசத்துக்கான அளவுகோல் இன்னும் கறாராகும். அதாவது அதே சொல்லை ஏதோ ஒரு கற்பனை ஆள் வாயில் வைத்தால் ஒரு அளவுகோல், காந்தி வாயில் வைத்தால் வேறு அளவுகோல். பிரசுரித்தவர்கள் மன்னிப்புக் கேட்டிருந்ததால் விடுபட்டார்கள்; கவிஞர் விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்றாயிற்று. நிஜப் பெயருக்கு என்ன மின்சாரம் இருக்கிறது என்பதை நம் விமர்சகர்களைவிட நீதிபதிகள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பெருமாள்முருகனுக்கு நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது 2014 கடைசியில். திருச்செங்கோடு என்கிற ஊரும் அந்தக் கோயிலும் திருவிழாவும் பெயரோடு இருந்தன. எதிர்த்தவர்கள் கையில் எடுத்தது அதைத்தான். 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகு வந்த நாவல் ‘பூனாச்சி’. அதில் ஊருக்குப் பெயர் கிடையாது. நாயகி ஒரு வெள்ளாடு. தொடக்கத்தில் ‘நிழல்முற்றம்’ (1993) எழுதி, சினிமாக் கொட்டகையில் சோடா விற்கிற பையன்களின் வியர்வை நாற்றத்தை நாவலுக்குள் கொண்டுவந்தவர் அவர். அவரை ஆட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ள வைத்தோம். ‘பூனாச்சி’ நல்ல நாவல்தான், அது வேறு விஷயம்.

சட்டம் பற்றிய குழப்பம் ஒன்றையும் இங்கேயே பைசல் பண்ணிவிடலாம், ஏனென்றால் இளம் எழுத்தாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பாட்டின் வரிகளை எடுத்துப் போடுவது ஒன்று, பாட்டைக் குறிப்பிடுவது இன்னொன்று. வரிக்குக் காப்புரிமை உண்டு. எழுதியவர் இறந்த பிறகும் அறுபது வருஷம் உண்டு. பெயருக்கு அப்படியில்லை. தலைப்புக்கு மட்டும் காப்புரிமை கிடையாது என்று 2015இல் ஒரு இந்திப்பட வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பாரதி பாட்டுக்கே இங்கே சொந்தக்காரர் இருந்தார். ஒலிபரப்பு உரிமையை ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் விலை கொடுத்து வாங்கியிருந்தார். ‘பில்ஹணன்’ (1948) படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்த டி.கே.எஸ். சகோதரர்களோடு தகராறு வந்து, பிறகு 1949இல் சென்னை அரசாங்கம் உரிமையை எடுத்துக்கொண்டது. ஆ.இரா. வேங்கடாசலபதி இதைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அந்தப் பாடுபட்டு மீட்ட பாட்டை நம் கதைகளில் எத்தனை பாத்திரங்கள் பாடுகின்றன என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

இதெல்லாம் சொல்வதால், பெயரைப் போட்டால் கதை உருப்பட்டுவிடும் என்று அர்த்தமில்லை. இப்போது எதிர்ப்பக்கம் ஒரு வியாதி பரவியிருக்கிறது. மழை பெய்யும், டீக்கடை இருக்கும், இளையராஜா பாட்டு ஓடும்; அவளை நினைத்துக்கொள்வான். வெள்ளிக்கிழமை ராத்திரி ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க ஊரே ஒரு வீட்டில் கூடும். ஆகா, அந்தக் காலம்! இந்தக் கதைகளில் பெயர் சாட்சியாக வரவில்லை, கூலியாளாக வருகிறது. எழுத்தாளன் பண்ணவேண்டிய வேலையைப் பாட்டு பண்ணுகிறது. வாசகனுக்கு ஏற்கெனவே இருக்கிற ஏக்கத்தைச் சொரிந்துவிட்டு, அந்த ஏக்கம் தான் உண்டாக்கினது என்று கணக்குக் காட்டுகிறார்கள். ஊரே கூடிய அந்த வீடு யாருடையது, யார் திண்ணையில் உட்கார்ந்தார்கள், யார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும், நிகழ்ச்சியின் பெயர் பாரமானியாக இருப்பதை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கிவிடும். அந்த ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. ஏக்கத்துக்குச் சாதி தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் நண்பர் போன் பண்ணினார். கதை அவர் கையில்தான் இருக்கிறது. வேறு எங்கேயும் அனுப்பவில்லை. முதல் புத்தகம் வரவேண்டும் என்கிற ஆசை அவருக்கும் இருக்காதா? “பேசாம அவங்க சொன்னபடி மாத்திக் குடுத்திரட்டுமாண்ணே? பாட்டுப் பேரு மட்டுந்தானே போகுது, அறை அப்படியேதான் இருக்கு” என்றார்.

மாற்றின பிரதியை வாசிக்கச் சொன்னேன். போனிலேயே வாசித்தார். பையன் பல் விளக்குகிறான். சாதிப் பெருமை பேசும் ஒரு பாட்டை முணுமுணுக்கிறான். அண்ணன் எழுந்து வருகிறான். அறைகிறான்.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவரே கேட்டார்: “சாதிப் பெருமை பேசுற பாட்டுன்னு அந்தப் பத்து வயசுப் பயலுக்கு யாருண்ணே சொன்னா?”